சினை மாட்டைக் கண்காணிக்க கேமராவும் சென்சாரும்: 2 மாடு வைத்திருப்பவருக்கு எது உதவும்?

மாட்டின் கழுத்தில் பட்டை, வாலில் சென்சார், கொட்டகையில் கேமரா என்று புதிய கருவிகளின் பேச்சு பால் மாடு வளர்ப்பில் அதிகமாகியிருக்கிறது. 'மாடு கன்று போடும் முன்பே உங்கள் செல்போனுக்குத் தகவல் வரும்' என்கிறார்கள் விற்பவர்கள். பெரிய பண்ணைக்கு இது பயன்படலாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டுத்தரையும் இரண்டு, மூன்று மாடும் வைத்திருக்கும் உங்களுக்கு எது உதவும், எதில் பணம் போடத் தேவையில்லை என்று பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

மூன்று மாற்றங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன.

முதலாவது, கிடேரிக் கன்றுக்கான சினை ஊசி. பாலினம் பிரித்த உறைவிந்தைப் போட்டால் பிறக்கும் கன்றுகளில் சுமார் 90 சதவீதம் கிடேரியாக இருக்கும். இதற்காக உள்நாட்டிலேயே உருவாக்கிய தொழில்நுட்பத்தை 2024 அக்டோபர் 5-ஆம் தேதி மகாராஷ்டிராவின் வாஷிமில் பிரதமர் தொடங்கி வைத்தார். இதனால் ஒரு டோஸுக்குச் சுமார் 200 ரூபாய் குறையும் என்று அரசு அறிவித்தது. கிடேரி வரும் என்று நம்பி ஊசி போட்டு, ஒன்பது மாதம் தீவனம் போட்ட பிறகு, கன்று போடும் கடைசி ஒரு மணி நேரத்தில் அதை இழந்தால் அடுத்த தலைமுறைக் கறவை மாட்டையே இழந்ததாகும்.

இரண்டாவது, மாட்டின் காதில் போடும் 12 இலக்கத் தோடு. அந்த எண்ணில் ஊசி போட்ட தேதி, தடுப்பூசி, சிகிச்சை எல்லாம் 'பாரத் பசுதன்' என்ற கணினிப் பதிவில் ஏறுகின்றன.

மூன்றாவது, சிம் கார்டு போட்டு இயங்கும் கேமராக்கள். வீட்டில் இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் தோட்டத்துக் கொட்டகையைச் செல்போனில் பார்க்க முடிகிறது.

கருவிகள் எதைப் பார்க்கின்றன?

வாலில் கட்டும் சென்சார் அயர்லாந்தில் இருந்து பரவிய கருவி. வலி வரும்போது மாடு வாலைத் தூக்கித் தூக்கி இறக்கும். அந்த அசைவைக் கணக்கிட்டு, கன்று போட ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது குறுஞ்செய்தி அனுப்பும். இதை ஒரே இடத்தில் பல நாள் கட்டி வைத்தால் வால் வீங்கும். அதனால் நாள் நெருங்கியபின் கட்டுவதுதான் சரி. நாள் நெருங்கிவிட்டது என்று சொல்வது கருவி அல்ல, உங்கள் கண்.

கழுத்துப்பட்டை, மாடு எவ்வளவு நேரம் அசை போடுகிறது, எவ்வளவு நடக்கிறது என்று பதிவு செய்யும். கன்று போடும் நாளில் அசை போடுவது குறையும், படுத்து எழுவது கூடும். ஆனால் காய்ச்சலிலும் வயிறு உப்புசத்திலும்கூட அசை குறையும். எனவே பட்டை தரும் எச்சரிக்கையைக் கேட்டதும் நீங்கள் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

கேமரா படத்தைக் காட்டும். ஆனால் சாதாரணக் கேமரா உங்களைத் தூக்கத்தில் இருந்து எழுப்பாது. நீங்கள் எழுந்து செல்போனைப் பார்த்தால்தான் அதற்குப் பயன். கட்டுத்தரைக்கும் வீட்டுக்கும் இடையே இரவில் நான்கு முறை நடப்பதை அது மிச்சப்படுத்தும். பெரும்பாலான வீடுகளில் இப்படி நடப்பவர்கள் பெண்கள்தான். விடிந்ததும் பால் கறந்து, சங்கத்துக்கு ஊற்றி, வேலைக்கும் போக வேண்டியவர்கள். அவர்களுக்கு அந்த மிச்சம் சிறியதல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இரண்டு மாடு வைத்திருந்தால் ஆண்டுக்கு அதிகமாக இரண்டு ஈத்து. ஒவ்வொரு ஈத்துக்கும் வால் சென்சார் தேவைப்படுவது நான்கைந்து நாள். ஆக ஆண்டில் பத்து நாள் வேலை செய்யும் கருவி மீதி 355 நாளும் பெட்டியில் கிடக்கும். சில கருவிகளுக்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. தனி ஆளுக்கு இது கட்டுப்படியாகாது. கேமரா அப்படியல்ல. ஈத்து முடிந்தபின் காவலுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் பயன்படும். பணம் போடுவதாக இருந்தால் முதலில் கேமராவில் போடலாம்.

அதற்கும் முன்னால், செலவே இல்லாத அல்லது சில நூறு ரூபாயில் முடிகிற இரண்டு வேலைகள் இருக்கின்றன.

தேதியும் தெர்மாமீட்டரும்

ஊசி போட்ட தேதியை எழுதி வையுங்கள். பசு மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். எளிதாகக் கணக்கிட, ஊசி போட்ட தேதியில் இருந்து 9 மாதமும் ஒரு வாரமும் கூட்டுங்கள். மார்ச் 1-இல் ஊசி என்றால் டிசம்பர் 8. எருமைக்குச் சுமார் 310 நாள், அதாவது 10 மாதமும் சில நாட்களும். கணக்கிட்ட தேதிக்குப் பத்து நாள் முன்னும் பின்னும் ஆகலாம். மூன்று முறை ஊசி போட்டிருந்தால் கடைசியாகப் போட்டதைக் கணக்கில் எடுங்கள், மூன்றாம் மாதச் சினைப் பரிசோதனையில் அதை உறுதி செய்யுங்கள். தேதி மறந்துவிட்டால் ஊசி போட்டவரிடம் காதுத் தோட்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அவர் பதிவு செய்திருந்தால் தேதி கிடைக்கும்.

அடுத்தது டிஜிட்டல் தெர்மாமீட்டர். கணக்கிட்ட தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்து காலையும் மாலையும் ஒரே நேரத்தில் ஆசனவாயில் வைத்து அளந்து எழுதுங்கள். கன்று போடுவதற்கு ஒன்று, ஒன்றரை நாள் முன்பு மாட்டின் உடல் சூடு அரை டிகிரி முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறையும். தினமும் மாலை 102 காட்டிவந்த மாடு ஒரு நாள் மாலை 101 காட்டினால் அன்று இரவு கவனம் தேவை. சூடு குறையவே இல்லை என்றால் பெரும்பாலும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம். வெயில் நாளில் மதியம் எடுத்த அளவை நம்ப வேண்டாம். ஒரே ஒரு அளவு எதையும் சொல்லாது, நான்கைந்து நாள் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.

கண்ணும் கையும்

மடி பெருப்பது தலைஈத்துக் கிடேரியில் பல வாரம் முன்பே தொடங்கிவிடும். அதை வைத்து நாளைச் சொல்ல முடியாது. காம்புகள் விறைத்து மெழுகு பூசியது போல் பளபளப்பதும், பிறப்புறுப்பு தளர்ந்து கண்ணாடி போன்ற கெட்டியான வழும்பு தொங்குவதும் நெருங்கியதற்கான அடையாளம்.

எல்லாவற்றிலும் நம்பகமானது வால் அடிப்பகுதி. வாலின் இரு பக்கமும் கயிறு போல் விறைப்பாக இருந்த நரம்புகள் தளர்ந்து, அங்கே குழி விழும். தினமும் காலை அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். நேற்று விறைப்பாக இருந்தது இன்று கொழகொழவென்று அமுங்கினால் 12 முதல் 24 மணி நேரத்தில் கன்று போட வாய்ப்பு அதிகம். இதை எந்தக் கேமராவும் காட்டாது.

இந்த நிலை வந்ததும் மாட்டைக் குட்டைக் கயிற்றில் இருந்து அவிழ்த்து, நீளமான கயிற்றிலோ தனி இடத்திலோ விடுங்கள். மூத்திர வாய்க்கால் பக்கம் பின்புறம் இருக்கும்படி கட்டியிருந்தால் கன்று அதில் விழும். தரையில் உலர்ந்த வைக்கோல் அல்லது மணல் போடுங்கள். கூட்டம் கூடிப் பார்த்தால் மிரண்டு மாடு முக்குவதை நிறுத்திவிடும். தள்ளி நின்று பார்ப்பதற்குக் கேமரா இங்கே நன்றாக உதவும்.

கேமரா வைப்பதாக இருந்தால்

- மாட்டின் பின்பக்கமும் படுக்கும் தரையும் ஒன்றாகத் தெரியும்படி, எட்டு, பத்து அடி உயரத்தில் பக்கவாட்டில் பொருத்துங்கள்.
- இருட்டில் பார்க்கும் வசதி உள்ளதா என்று கடையிலேயே சோதியுங்கள்.
- வாங்கும் முன் உங்கள் கொட்டகையில் எந்த நிறுவனத்தின் சிம்முக்குச் சிக்னல் கிடைக்கிறது என்று பாருங்கள்.
- மின்வெட்டு நேரத்துக்குப் பவர் பேங்க் அல்லது பேட்டரி வேண்டும்.
- மாட்டின் வாய்க்கும் கொம்புக்கும் எட்டாதபடி ஒயரைக் கட்டுங்கள்.

கடிகாரம்தான் முக்கியம்

தகவல் வந்தபின் என்ன செய்வது என்பதில்தான் கன்றின் உயிர் இருக்கிறது. மாடு நிலைகொள்ளாமல் படுத்து எழத் தொடங்கிய நேரத்தைச் சுவரிலோ செல்போனிலோ குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க்குடம் தெரிந்த நேரத்தையும் குறியுங்கள். கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது இந்த இரண்டு நேரத்தையும்தான்.

இரண்டு முன்னங்கால்கள், அவற்றின் மேல் மூக்கு என்று வந்தால் அது சரியான நிலை. முன்னேற்றம் இருக்கும்வரை இழுக்க வேண்டாம். கீழே உள்ளவற்றில் எது நடந்தாலும் உடனே மருத்துவரை அழையுங்கள்.

- தண்ணீர்க்குடம் தெரிந்து ஒரு மணி நேரமாகியும் கன்றின் கால் தெரியவில்லை.
- அரை மணி நேரம் நன்றாக முக்கியும் முன்னேற்றம் இல்லை.
- ஒரு கால் மட்டும், தலை மட்டும் அல்லது வால் மட்டும் தெரிகிறது.
- ஆறு முதல் எட்டு மணி நேரம் வலியோடு படுத்து எழுந்தும் தண்ணீர்க்குடமே வரவில்லை.

கடைசியாகச் சொன்னது மிகவும் ஏமாற்றக்கூடியது. கருப்பை முறுக்கிக்கொண்டால் வெளியே எதுவுமே தெரியாது. எருமைகளில் இது அதிகம். சிறிது நேரம் வலித்துவிட்டு மாடு அமைதியாகிவிடும். கேமராவில் பார்ப்பவருக்கு 'இன்று இல்லை போலிருக்கிறது' என்று தோன்றும். வலி எப்போது தொடங்கியது என்று எழுதி வைத்தவர் மட்டுமே 'ஏதோ தவறு' என்று கண்டுபிடிப்பார்.

1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வாகனம் வரும். அது உங்கள் ஊருக்கு எந்த நேரம் வரை வரும், இரவில் யாரை அழைக்க வேண்டும் என்று தேதிக்கு ஒரு வாரம் முன்பே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். இரவு 2 மணிக்கு எண்ணைத் தேடினால் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

கன்று பிறந்தபின்னும் கண்காணிப்பு முடியவில்லை. மூக்கையும் வாயையும் துடைத்து, தொப்புளில் டிஞ்சர் அயோடின் தடவி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். 12 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், கட்டி இழுக்காதீர்கள். முதல் மூன்று நாளில் காது சில்லிட்டு, கழுத்தை வளைத்து விலாப்பக்கம் வைத்து மாடு படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது. மருத்துவர் வந்து ஊசி போட்டால் எழுந்துவிடும், தாமதித்தால் மாடே போய்விடும்.

தீவன நேரத்தை மாற்றலாம்

கனடாவின் மானிடோபா பகுதியில் இறைச்சி மாடு வளர்ப்பவர் ஒருவர் சினை மாடுகளுக்கு இரவில் தீவனம் வைக்கத் தொடங்கினார். பிறகு அமெரிக்காவின் அயோவா மாநிலப் பண்ணைகளிலும் இது பார்க்கப்பட்டது. இருட்டும் நேரத்தில் தீவனம் வைத்த மாடுகளில் பெரும்பாலானவை பகலில் கன்று போட்டன. நம் கறவை மாடுகளில் அதே அளவு பலன் வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் செலவில்லாத வழி. கடைசி இரண்டு, மூன்று வாரம் முக்கியத் தீவனத்தை மாலை இருட்டும்போது வைத்துப் பாருங்கள். தண்ணீரை எந்த நேரமும் நிறுத்த வேண்டாம். பகலில் கன்று போட்டால் மருத்துவரும் கிடைப்பார், உதவிக்கு ஆளும் கிடைக்கும்.

சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய வேலை

தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாத சென்சார், பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்டுப்படியாகும். 100 மாடு உள்ள சங்கத்தில் மாதம் ஏழெட்டு மாடு கன்று போடும். இரண்டு வால் சென்சார் வாங்கி, தலைஈத்துக் கிடேரிக்கும் முன்பு சிரமப்பட்டுக் கன்று போட்ட மாட்டுக்கும் முறை வைத்துக் கொடுத்தால் அது ஆண்டு முழுவதும் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் கழுவிக் கிருமிநாசினி போட்டுக் கொடுக்க வேண்டும். வாங்கும்போது சிம், ஆண்டுக் கட்டணம், பழுது பார்ப்பவர், எருமைக்கும் பயன்படுமா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன்பே சங்கத்தால் ஒன்று செய்ய முடியும். பால் ஊற்றும் இடத்தில் ஒரு பலகை மாட்டி, இந்த மாதம் யார் வீட்டு மாடு எந்தத் தேதியில் கன்று போடும் என்று எழுதி வைக்கலாம். மருத்துவருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள். இன்றைக்கு உங்கள் மாட்டின் ஊசித் தேதியைத் தேடி எடுத்து, 9 மாதமும் ஒரு வாரமும் கூட்டி, கொட்டகைச் சுவரில் எழுதிவிடுங்கள்.