எத்தனை வோல்ட்டில் வைப்பது?

பல மின்சிகரெட்டுகளில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். பேனா மாதிரி வரும் வகையில் அது அடிப்பக்கத்தில் இருக்கும்; பெட்டி மாதிரி வரும் வகையில் பட்டனாக இருக்கும். கூட்டினால் ஆவி அதிகம், குறைத்தால் கொஞ்சம் என்ற அளவோடு பெரும்பாலானோர் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் திருகு கூட்டுவதும் குறைப்பதும் சூட்டை. நெஞ்சுக்குள் என்னென்ன போகிறது என்பதில் பெரும்பங்கு அந்தச் சூட்டின் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. சிகரெட் பழக்கமே இல்லாதவர் இதைத் தொட எந்தக் காரணமும் இல்லை. நிகோடினுக்கு அடிமையாவது சுலபம், மீள்வது கடினம். இந்தியாவில் இதன் விற்பனைக்கும் தடை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பிரிட்டனில் இது சட்டப்படி கடையில் கிடைக்கிறது. சிகரெட்டைக் கைவிட அங்கே மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். நம் வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே இருக்கிறார்.

எங்கள் வீட்டில் அது பெரியம்மா மகன். லண்டனில் பஸ் ஓட்டுகிறார். கல்லூரி நாளில் தொற்றிக்கொண்ட சிகரெட்டை விட வேண்டும் என்று மின்சிகரெட்டுக்கு மாறினார். போனில் கூப்பிட்டு, “தம்பி, அடியில 3.3, 3.8, 4.3, 4.8னு போட்டிருக்கு. எதுல வைக்கணும்? கரன்ட் வேலை தெரிஞ்சவன் நீ, சொல்லு” என்றார். “காயில் எத்தனை ஓம்ணே?” என்று கேட்டேன். அவருக்கு அது தெரியவில்லை. ஓம் தெரியாமல் வோல்ட்டுக்குப் பதில் சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பது பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு கம்பியில் எவ்வளவு சூடு பிறக்கும் என்பது வோல்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வரும் வாட். அண்ணன் காயிலின் பக்கவாட்டில் தேடிப் பார்த்து 2.2 ஓம் என்றார். 3.3 வோல்ட்டில் வைத்தால் சுமார் 5 வாட். 4.8-க்குத் திருகினால் 10.5 வாட். வோல்ட் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை, சூடு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. திருகை முக்கால் சுற்று சுற்றுகிற விரலுக்கு இது தெரியாது. அதே 3.7 வோல்ட்டை 2.2 ஓம் காயிலுக்குக் கொடுத்தால் 6.2 வாட், 1.5 ஓம் காயிலுக்குக் கொடுத்தால் 9 வாட்டுக்கு மேல். நண்பர் ‘நான் 4.3-ல் வைக்கிறேன்’ என்று சொன்னால், அவர் காயிலைக் கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

காயில் என்றால் என்ன? அண்ணன் பழையதைக் கழற்றி வீடியோ காலில் காட்டினார். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு உலோகக் குப்பி. பக்கத்தில் சிறு துளைகள். தொட்டியில் இருக்கும் திரவம் அவற்றின் வழியாக உள்ளே வரும். நடுவே வெள்ளைப் பஞ்சுத் திரி, அதைச் சுற்றி ஐந்தாறு சுற்று மெல்லிய மின்தடைக் கம்பி. பட்டனை அழுத்தினால் கம்பி சூடேறும், பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகும், காற்றோடு கலந்து வாய்க்கு வரும். அவர் காட்டிய காயிலில் பஞ்சு வெள்ளையாக இல்லை. கம்பியை ஒட்டிய இடம் பழுப்பேறி, சுற்றுகளுக்கு இடையில் கரி படிந்திருந்தது. இனிப்புச் சுவை சேர்த்த திரவம் சீக்கிரம் இப்படிப் படியும். அந்தக் கரியோடுதான் அவர் கடைசி சில நாள் இழுத்திருக்கிறார்.

திரவத்தில் பிரதானமாக இருப்பவை இரண்டு. புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கிளிசரின் 290 டிகிரியில். இவற்றோடு நிகோடினும் மணச்சரக்கும். கம்பியைச் சுற்றி திரவம் இருக்கிற வரை, பிறக்கும் சூட்டை அது ஆவியாகி எடுத்துக்கொண்டே போகும். கம்பியின் வெப்பநிலை ஒரு கட்டுக்குள் நிற்கும். திரி இழுத்துக்கொடுக்கும் வேகத்தைவிடக் கம்பி வேகமாக ஆவியாக்கினால் கட்டு உடைந்துவிடும். எண்ணெய் வற்றிய விளக்கில் திரியே எரிகிற கதைதான் அது. திரவம் ஆவியாவதற்குப் பதில் சிதைகிறது. ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்றவை பிறக்கின்றன. முதலாவது புற்றுநோயை உண்டாக்குவது, இரண்டாவது சுவாசக்குழாயை அரிப்பது. தொண்டையைக் கீறும் தீய்ந்த வாடை உடனே தெரியும். ஒரு தடவை பட்டவர் மறக்க மாட்டார்.

இந்த எல்லை எந்த வோல்ட்டில் இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் நடுவில் பெரிய சண்டையானது. 2015 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். திருகி மாற்றும் பேட்டரியை வைத்து சோதித்ததில் 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் அகப்படவில்லை. 5 வோல்ட்டில் ஏராளமாக அகப்பட்டன. அந்தக் கணக்கில் நீண்ட நாள் இழுத்தால் ஃபார்மால்டிஹைடால் வரும் புற்றுநோய் அபாயம் சிகரெட்டைப் போல 5 முதல் 15 மடங்கு என்று மதிப்பிட்டார்கள். பத்திரிகைகள் 5 வோல்ட்டை விட்டுவிட்டு மடங்கை மட்டும் தலைப்பாக்கின.

கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டான்டினோஸ் ஃபர்சலினோஸ் எதிர்த்தார். அந்த வகைக் காயிலை 5 வோல்ட்டில் மனிதன் இழுக்கவே முடியாது, தீய்ந்த வாடை தாங்காமல் எறிந்துவிடுவான், இயந்திரத்துக்குத் தொண்டை இல்லாததால்தான் அது இழுத்தது என்பது அவர் வாதம். 2017-ல் அவர் குழு அதே வகைக் கருவியைப் பழகியவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானோர் 4.2 வோல்ட்டுக்குள்ளேயே வாடை வருகிறது என்று நிறுத்திவிட்டார்கள்.

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு எண்ணைப் பலர் சொல்வதில்லை. தாங்கக்கூடிய மேல் எல்லையான 4 வோல்ட்டில் ஒரு நாள் முழுக்க இழுத்தால் உள்ளே போகும் ஃபார்மால்டிஹைடு, 20 சிகரெட் பிடிப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைவு. வாடை வரவில்லை என்பதாலேயே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. வாடை கடைசி எச்சரிக்கை. திருகை அதற்குக் கொஞ்சம் கீழே வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நன்றாகக் கீழே வைக்க வேண்டும். அந்தக் கருவி பழைய மேல்திரி வகை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைய காயில்களில் திரியும் காற்றோட்டமும் மேம்பட்டவை, எல்லையும் வேறு. 5 வோல்ட் என்று தனியாகச் சொன்னால் நன்மையும் தெரியாது, தீமையும் தெரியாது.

திருகில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. முழுதாக சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட், சராசரி 3.7, தீரும்போது 3.3 பக்கம். சாதாரணப் பேனாவில் இந்த இறக்கம் அப்படியே காயிலுக்குப் போகும். காலையில் காரமாக இருப்பது மாலையில் சப்பென்று ஆகும். திருகு உள்ளதில் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. 4.8 வேண்டுமென்றால் ஒரு ட்ரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, ஒரு சுருளில் ஆற்றலைச் சேர்த்து, பேட்டரி வோல்ட்டுக்கு மேல் ஏற்றித் தரும். நல்ல கருவியில் இது சமமாக வரும். மலிவான சிலவற்றில் துடிப்புத் துடிப்பாக வரும். 6 வோல்ட்டைப் பாதி நேரம் கொடுத்து, பாதி நேரம் நிறுத்தி, சராசரி 3 வோல்ட் என்று சொல்லிக்கொள்ளும். சாதாரண மல்டிமீட்டரும் 3 என்றே காட்டலாம். சூடு சராசரிக்குக் கட்டுப்படாது. நிஜமான 3 வோல்ட் தரும் சூட்டைப் போல சரியாக இரண்டு மடங்கு வரும். இப்போது பல கருவிகள் வோல்ட்டை விட்டு நேராக வாட்டைக் காட்டுகின்றன. காயிலின் ஓமைத் தானே அளந்து வோல்ட்டை முடிவுசெய்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவே மேல்.

அண்ணனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். காயிலில் அதற்குத் தகுந்த வாட் அளவு அச்சடித்திருந்தால் அதன் கீழ் எண்ணில் தொடங்குங்கள்; இல்லாவிட்டால் திருகின் கீழ் எல்லையில். புதுக் காயில் மாட்டினால் பஞ்சில் சில சொட்டுத் திரவம் விட்டு, தொட்டியை நிரப்பி, பத்து நிமிடமாவது ஊற விடுங்கள். காய்ந்த பஞ்சில் முதல் இழுப்பை இழுத்தால் அந்தக் காயில் அன்றே போயிற்று. மெதுவாக, நிதானமாக இழுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்தால் திரியால் ஈடுகொடுக்க முடியாது. ஆவி போதவில்லை என்றால் ஒரு புள்ளி கூட்டலாம். தீய்ந்த வாடை எட்டிப்பார்த்தால் குறைத்து, தொட்டியைப் பார்த்து, காயிலை மாற்றுங்கள். அரை ஓம், கால் ஓம் காயிலைச் சின்னப் பேனா பேட்டரியில் மாட்டவே கூடாது. 4.2 வோல்ட்டில் அரை ஓம் என்றால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தப் பேட்டரி அதற்குச் செய்யப்பட்டதில்லை. தனியாக மாட்டும் பேட்டரியைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் கால்சட்டைப் பையில் போட்டு, ஷார்ட் ஆகித் தொடை வெந்தவர்கள் உண்டு.

நான் கவலைப்படுவது இன்னொன்றுக்காக. மாறுகிறவர்கள் முதல் நாளே ‘நிகோடினைக் குறைத்துக்கொள்வோம்’ என்று ஒரு மில்லிலிட்டருக்கு 3 அல்லது 6 மில்லிகிராம் நிகோடின் உள்ள திரவத்தை வாங்குகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல வருடம் பழகிய உடம்பு தன் பங்கைக் கேட்கும். அடிக்கடி இழுப்பார்கள், நீளமாக இழுப்பார்கள், திருகையும் கூட்டுவார்கள். லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தின் லின் டாக்கின்ஸ் குழு 2018-ல் இதைத்தான் கண்டது. ஒரே ஆட்களுக்கு 18 மில்லிகிராமும் 6 மில்லிகிராமும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 6 கிடைத்தபோது அதிக இழுப்பு, அதிகத் திரவம், மாற்ற முடிந்தால் அதிக வாட். சிறுநீரில் ஃபார்மால்டிஹைடின் தடமும் அப்போது கூடியிருந்தது. நிகோடின் பழக்கத்தைப் பிடித்து வைக்கும். புற்றுநோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் மற்றவை. முதலில் போதுமான நிகோடின், குறைந்த சூடு. பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் சட்டப்படி உச்சம், அதற்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளட்டும். சிகரெட் முழுதாக நின்ற பிறகு, திருகைத் தொடாமல், திரவத்தில் மட்டும் படிப்படியாக இறங்கட்டும்.

சிகரெட்டைக் கைவிட இது உதவுகிறதா? உதவுகிறது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹாயெக் குழு 886 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-ல் வந்தது. ஒரு வருடம் கழித்து, மின்சிகரெட் கொடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். நிகோடின் பட்டை, சூயிங்கம் கொடுத்தவர்களில் 9.9 சதவீதம். ஆனால் மின்சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் மின்சிகரெட்டை விடவில்லை. இதை வேண்டாம் என்கிறவர்களும் வேண்டும் என்கிறவர்களும் தமக்குப் பிடித்த பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

பேனா பேட்டரியின் தலையில் எதை வேண்டுமானாலும் திருகி மாட்டலாம் என்பதும் ஆபத்து. 2019-ல் அமெரிக்காவில் நுரையீரல் பழுதாகி வரிசையாக ஆட்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர். 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து நிரப்பிய குப்பிகள், அவற்றில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட் எண்ணெய். திருகை எவ்வளவு கவனமாக வைத்தாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத குப்பியிலிருந்து அது காப்பாற்றாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் இதைக் கொண்டுவர வேண்டாம். 2019-ல் இந்தியா கொண்டுவந்த சட்டப்படி உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். தடை இருக்கிற இடத்தில் கள்ளத்தனமாகக் கிடைப்பதன் காயில் எத்தனை ஓம், திரவத்தில் என்ன என்று சொல்ல ஆள் கிடையாது. இங்கே இருந்துகொண்டு சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது. சவைத்து, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். சாதாரண சூயிங்கம் மாதிரி தொடர்ந்து மென்றால் வயிற்றைப் பிரட்டும். கூட ஒருவர் பேசி வழிகாட்ட வேண்டுமென்றால் மத்திய அரசின் இலவச எண் 1800-11-2356 சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது.