கீழே அனுப்பினா தண்டனையா?

2024 ஏப்ரல் 10. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காக ஜாக்சன் ஹாலிடே முதல் முறையா களத்தில் இறங்கினார். வயசு 20. 2022 டிராஃப்ட்டில் முதல் ஆளா எடுக்கப்பட்டவர். அவர் மேல அவ்ளோ எதிர்பார்ப்பு. முதல் 10 ஆட்டத்தில் அவர் அடிச்சது 2 ஹிட், ஆனது 18 ஸ்ட்ரைக் அவுட். ஏப்ரல் முடியுறதுக்குள்ள ஒரு படி கீழே, நார்ஃபோக் அணிக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. "அவசரப்பட்டு மேல ஏத்திட்டாங்க"ன்னு ரசிகர்கள் திட்டினாங்க. எனக்கு அது பாதி பதிலாத்தான் தெரியுது.

பேஸ்பால் பாக்காதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொண்ணுக்கும் கீழே நாலு மைனர் லீக் அணிகள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. அதுக்கும் கீழே புதுசா சேர்ந்தவங்களுக்குத் தனி லீக். ரஞ்சி வீரர் மாநில அணிக்கு ஆடுற மாதிரி இல்ல இது. எந்தப் பையன் எந்தப் படியில ஆடணும்னு முடிவு பண்றது மேல இருக்கிற கிளப்தான். 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் ஞாபகம் இருக்கா, நம்ம ரஹ்மான் இசை? அந்த நிஜக் கதையில் வர்ற ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிஞ்சுட்டு இருந்த பசங்க. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவங்களை 2009-ல் அந்தக் கடைசிப் படியில்தான் இறக்கினாங்க. அது சரியான முடிவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வேகமா ஏத்துறதுதான் பிரச்சனைன்னா ஹுவான் சோட்டோவை என்ன சொல்றது? 2018 சீசனை சிங்கிள்-ஏயில் ஆரம்பிச்சார். டபுள்-ஏயில் ஆடினது வெறும் 8 ஆட்டம். ட்ரிபிள்-ஏ பக்கமே போகல. மே 20-ம் தேதி வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்கு வந்துட்டார், 19 வயசில். அந்த வருஷமே 22 ஹோம் ரன். ஸ்ட்ரைக் ஜோனுக்கு வெளியே போற பந்தை சும்மா விடுற கண்ணு அவருக்கு இருந்தது. அது எந்தப் படிக்குப் போனாலும் கூடவே வரும்.

அதனால எத்தனை மாசம் ஆச்சுங்கிற கணக்கு முக்கியமில்ல. இந்தப் படி இவனுக்கு இன்னும் ஏதாவது கத்துக்கொடுக்குதா? அதுதான் கேள்வி. கீழ்ப்படிகளில் ஃபாஸ்ட்பாலை மட்டும் எதிர்பார்த்தே ஒரு பேட்டர் பிழைச்சுடலாம். டபுள்-ஏயில் அந்தப் பருப்பு வேகாது. தனக்கு நெருக்கடியான நேரத்திலும் கர்வ்பாலை ஸ்ட்ரைக்கா போடுற பிட்ச்சர்களை அங்கேதான் நிறைய பாப்பான். ஏற்கெனவே பாஸான பாடத்தை ஒருத்தன் திரும்பத் திரும்ப எழுதிட்டு இருந்தா சராசரி ஏறும், ஆட்டம் ஏறாது.

ஸ்கோர் கார்டும் ஏமாத்தும். ஆல்புகர்க்கி மாதிரி உயரமான ஊரில் காத்து லேசு. பந்து கூடுதலா பறக்கும், கர்வ்பால் ஒழுங்கா வளையாது. அங்கே ஹோம் ரன் குவிக்கிற பேட்டரைப் பாத்து மயங்கவும் கூடாது, அடி வாங்குற பிட்ச்சரைக் கழட்டி விடவும் கூடாது.

கீழே அனுப்புறதைப் பத்திப் பேசினா ராய் ஹாலடேயை விட நல்ல உதாரணம் கிடையாது. (பேரைக் குழப்பிக்காதீங்க, இவர் வேற.) டொராண்டோ ப்ளூ ஜேஸ் பிட்ச்சர். 1998-ல் தன்னோட ரெண்டாவது ஆட்டத்திலேயே நோ-ஹிட்டருக்கு ஒரே ஒரு அவுட் பாக்கி வரைக்கும் போனவர். 2000-ல் அப்படியே சரிஞ்சார். அந்த வருஷம் அவர் இ.ஆர்.ஏ. 10.64, அதாவது 9 இன்னிங்ஸுக்குப் பத்து ரன்னுக்கு மேல விட்டார். 2001 ஆரம்பத்தில் கிளப் அவரை ட்ரிபிள்-ஏக்கு அனுப்பல, நேரா ஹை-ஏக்கு, டுனிடினுக்கு அனுப்பிச்சு. 23 வயசு, மேஜர் லீக் பாத்த ஆள், கத்துக்குட்டிகளோட! ஆனா காரணம் தெளிவா இருந்தது. அவர் பந்து வேகமா வந்தாலும் நேரா வந்தது. மெல் க்வீன் என்கிற கோச் அவர் கை வர்ற கோணத்தையே இறக்கி மாத்தினார். எறியுற விதத்தையே மாத்துறவனுக்கு ரிசல்ட் பத்தின பயம் இல்லாத இடம் வேணும், அது டுனிடினில் கிடைச்சது. படிப்படியா ஏறி அதே ஜூலையில் டொராண்டோவுக்குத் திரும்பிட்டார். 2003-லும் 2010-லும் சை யங் விருது, 2010-ல் பெர்ஃபெக்ட் கேம், 2019-ல் ஹால் ஆஃப் ஃபேம்.

இதுக்கு நேர் எதிர் கிரிஸ் பிரையன்ட். 2015 சீசனுக்கு முன்னாடி நடந்த பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன், வேற யாரும் அவ்ளோ அடிக்கல. ஆனாலும் சிகாகோ கப்ஸ் அவரை ட்ரிபிள்-ஏக்கு அனுப்பிச்சு. ஃபீல்டிங் மெருகேறணுமாம். ஏப்ரல் 17-ம் தேதி மேல கூப்பிட்டாங்க. மேஜர் லீக் அணியில் 172 நாள் இருந்தாத்தான் ஒரு முழு வருஷக் கணக்கு. பிரையன்ட்டுக்குக் கிடைச்சது 171. அப்படி ஆறு வருஷம் சேர்ந்தாத்தான் இஷ்டப்பட்ட அணியோட பேரம் பேச முடியும். ஒரே ஒரு நாள் குறைஞ்சதில் அவருக்கு அந்தச் சுதந்திரம் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. புகார் கொடுத்தார், 2020-ல் தீர்ப்பு கிளப் பக்கம் வந்தது.

2022 ஒப்பந்தத்தில் இதுக்கு ஒரு வைத்தியம் பண்ணாங்க. சிறந்த புதுமுக வீரர் ஓட்டெடுப்பில் முதல் ரெண்டு இடம் வந்தா முழு வருஷக் கணக்கு கிடைக்கும். நல்லதுதான், ஆனா அது நட்சத்திரங்களுக்கு மட்டும். மத்த பசங்களுக்கும் சேர்த்து எனக்கு ஒரே ஒரு விதி போதும்: ஒருத்தனைக் கீழே அனுப்பினா, அங்கே என்ன கத்துக்கிட்டா திரும்பி வரலாம்னு கிளப் எழுதிக் கொடுக்கணும். ஹாலடேக்கு ஒரு வரியில எழுதிடலாம். பிரையன்ட் ரெண்டு வாரம் கூட ஆகாம ஃபீல்டிங்கில் எதைக் கத்துக்கிட்டுத் திரும்பி வந்தார்னு அந்தக் காகிதத்தில் படிச்சுப் பாக்க எனக்கு ரொம்ப ஆசை.