மூன்றால் பெருக்குவதற்கு முன்

இறுதியாண்டு மாணவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் கணக்கு ஒன்று உண்டு: சிங்கப்பூர்ச் சம்பளம், பெருக்கல் மூன்று. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போவதால் கணக்கில் தவறில்லை. ஆனால், பாதிதான் போட்டிருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நானும் நான்காண்டுகள் அங்கே வேலை செய்தவன்தான். முதலாண்டு முழுவதும் விடியற்காலை நான்கரைக்கே ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு வரிசையில் நின்றவன்.

விடுபட்ட பாதி சேமநிதி. இங்கே 3,000 ரிங்கிட் வாங்கும் பட்டதாரிக்கு, அவர் பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடுமாக மாதம் 720 ரிங்கிட் ஊழியர் சேமநிதியில் சேர்கிறது. அதில் 390 ரிங்கிட் சம்பளத்துக்கு மேல் வருவது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியோ குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் போகும் நமக்குக் கையில் வருவதே எல்லாம். இங்குள்ள கணக்கில் நாமாகவே பணம் செலுத்தலாம் என்பது தெரிந்தும் மூன்றாண்டுகள் ஒரு காசுகூட நான் போடவில்லை. கைத்தொலைபேசியை மட்டும் இரண்டு முறை மாற்றினேன்!

பட்டம் இருந்தாலே அனுமதி கிடைத்துவிடும் என்பதும் பழைய கதை. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியாக உயர்ந்தது, நிதித்துறைக்கு 6,200. எஸ் பாஸ் அதே ஆண்டு செப்டம்பரில் 3,300 ஆனது. வயது கூடக் கூட இத்தொகையும் கூடும். விண்ணப்பிக்க வேண்டியது முதலாளியே, நாமல்ல.

இங்கேதான் தரகர்கள் நுழைகிறார்கள். என்னுடன் படித்த நண்பனுக்காக அவன் அம்மா சங்கிலியை அடகு வைத்து ஆறாயிரம் ரிங்கிட் கொடுத்தார். அங்கே போன பிறகுதான், அனுமதிக் கடிதத்தில் ஒரு சம்பளமும் அவன் கையெழுத்திட்ட தாளில் வேறொரு சம்பளமும் இருந்தது தெரிந்தது. சிங்கப்பூர்ச் சட்டப்படி, வேலை முகவர் ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணம் ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. முதலாளி கட்டும் தீர்வையை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. முக்கிய வேலை நிபந்தனைகளை, சேர்ந்த 14 நாள்களுக்குள் எழுத்தில் தரவேண்டும் என்பது 2016 முதல் உள்ள விதி. இவற்றில் எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது. நான்காண்டு பட்டப்படிப்பில் யாரும் சொல்லித் தரவில்லை என்பது என் மனக்குறை. நம் கழகம் ஆண்டுதோறும் எத்தனையோ கலைநிகழ்ச்சிகள் நடத்துகிறது. ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, அங்கே வேலை செய்யும் முன்னாள் மாணவர்களை அழைத்து, ஓர் ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்துக் காட்டக்கூடாதா?

இன்னொன்று. வேலையை விட்டு வரும்போது, வரிக் கணக்கு முடியும்வரை முதலாளி உங்கள் கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருப்பார். அது சட்டம்தான், பயப்பட வேண்டாம். அந்த மாத வாடகைக்கு மட்டும் கையில் பணம் வைத்திருங்கள். நான் நண்பனிடம் கடன் வாங்கித்தான் வீடு திரும்பினேன்.