பெயர் எழுதப்படாத வியாபாரிகள்



ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பழைய பீங்கான் உருவங்களை வைத்திருக்கும் கூடங்களில், அரசர்களுக்கும் கிரேக்கத் தெய்வங்களுக்கும் நடுவே சாண் உயரத்தில் சிலர் நிற்பார்கள். கூடை நிறைய எலுமிச்சையோடு ஒரு பெண், மீன் விற்பவர், வரைபடம் விற்பவர், சில்லறைச் சாமான்களைக் கழுத்தில் தொங்கும் தட்டில் பரப்பியவர். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் தெருக்களில் கூவி விற்றவர்கள் இவர்கள். இவர்களைப் பீங்கானில் வடித்தது ஜெர்மனியின் மைசன் ஆலை. இந்தச் சின்ன மனிதர்களைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

மைசனுக்கு முன்பே இவர்களை ஊன்றிப் பார்த்தவர் எட்மே புஷார்தோன். பிரெஞ்சு மன்னருக்குச் சிலை வடித்த பெரிய சிற்பி. அவர் தண்ணீர் சுமப்பவரையும், துடைப்பம் விற்பவரையும், சாணை பிடிப்பவரையும், எலி மருந்து விற்பவரையும் வரைந்தார். அந்த ஓவியங்கள் 1737 முதல் 1746 வரை, 12 படங்கள் வீதம் 5 தொகுப்புகளாக, மொத்தம் 60 படங்களாக அச்சாயின. ஒரு தாளுக்கு ஒருவர். பின்னால் வீடோ கூட்டமோ பெரிதாக இல்லை. சிரிக்க வைப்பதற்காக யாரையும் கோணலாக்கவும் இல்லை. எந்தப் பக்கம் சுமை இருக்கிறது, எந்தக் கால் அதைத் தாங்குகிறது என்று சிற்பியின் கண் அறிந்திருந்தது.

மைசன் ஆலை 1710இல் தொடங்கியது. 1731இல் யோஹான் யோவாகிம் கேண்ட்லர் என்ற சிற்பி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவரும் பீட்டர் ரைனிக்கே என்பவரும் 1740களில் புஷார்தோனின் படங்களைப் பார்த்து வியாபாரிகளை உருவாக்கினார்கள். 1753ஐ ஒட்டி, கிறிஸ்தோஃப் ஹுவே வரைந்த படங்களை வைத்து இன்னொரு வரிசையும் வந்தது.

செய்முறை பொறுமையைக் கேட்பது. முதலில் செய்த மாதிரியைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு எடுப்பார்கள். தலை, கை, கூடை என்று தனித்தனியே எடுத்த பகுதிகளைக் களிமண் கரைசலால் ஒட்டுவார்கள். சூளையின் வெப்பம் 1,300 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் உருவம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். மண் இளகுவதால் மெல்லிய கால்கள் மடங்கவும் செய்யும். அதனால்தான் பல உருவங்களின் காலோடு பீங்கானிலேயே வடித்த ஓர் அடிமரம் ஒட்டியிருக்கிறது. நாளெல்லாம் தெருத்தெருவாக நடந்தவர்களுக்குச் சூளை கொடுத்த ஊன்றுகோல் அது.

இவை போய் நின்ற இடம் அரண்மனை விருந்து மேசை. அதுவரை சர்க்கரையில் செய்து வைத்த அலங்கார உருவங்களின் இடத்தைப் பீங்கான் பிடித்தது. மேசைக்குத் தகுந்தபடி வியாபாரிகளின் உடையில் பூக்கள் மலர்ந்தன. விளிம்பில் தங்கப் பூச்சு ஏறியது. சேறும் கிழிசலும் போயின. ஆனாலும் ஏதோ ஒன்று போகவில்லை. முதுகுச் சுமைக்காகக் குனிந்த தோள், கூடையை இடுப்பில் இடுக்கிய பக்கத்துச் சாய்வு, கூவுவதற்காகத் திறந்த வாய். இவற்றை மாற்றினால் அவர் வியாபாரி இல்லை என்றாகிவிடும். அழகுபடுத்தியவர்களால் உழைப்பை அழிக்க முடியவில்லை. இந்த உருவங்களில் நான் மதிப்பது அதைத்தான்.

என்னை வருத்துவதும் ஒன்று உண்டு. எந்த உருவத்தை யார் வடித்தார் என்பதை ஆலையின் வேலைக் குறிப்புகள் நமக்குச் சொல்கின்றன. எலுமிச்சை விற்ற பெண்ணின் பெயரை யாரும் எழுதவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் தீட்டிய தொழிலாளர் படங்களிலும் பெரும்பாலும் தொழிலும் சாதியும்தான் தெரியும். ஆளின் பெயர் தெரியாது. தெருவில் உழைத்தவரை வகையாகப் பார்த்தார்கள், ஆளாகப் பார்க்கவில்லை.

புஷார்தோன் பல ஆண்டுகள் உழைத்து வடிவமைத்த 15ஆம் லூயியின் குதிரைச் சிலை, 1792இல் புரட்சியின்போது வீழ்த்தப்பட்டது. அவர் வரைந்த தண்ணீர்க்காரர் இன்றும் இருக்கிறார். அரசனுக்குப் பெயர் இருக்கிறது, சிலை இல்லை. உழைப்பாளிக்கு உருவம் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டாவது குறையை நம் காலத்தில் நாம் தவிர்க்கலாம்.

அதற்காக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அம்மாவிடமோ, உப்பு விற்பவரிடமோ, சாணை பிடிப்பவரிடமோ நின்று பேசுங்கள். எந்த ஊரிலிருந்து வருகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், என்ன சொல்லிக் கூவுகிறார் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், பெயரோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவர்களுக்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம். பெயரைத்தான் முதலில் அச்சிடுவோம். தொழில் அதற்குப் பிறகு.

அன்புடன்,
ஆசிரியர்