டிராக்டர் கேட்டைத் தாண்டினால்...



தோட்டத்துக்குள் பதினாலு வருஷம் டிராக்டர் ஓட்டியவர் அவர். மேடு பள்ளம், மழைச்சேறு எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஒரு நாள் சாயந்திரம், "பழ லோடை அந்தப் பக்கத்து டிவிஷனில் கொண்டுபோய்ப் போடு" என்றார் மண்டோர். நடுவில் பொது ரோடு. இருட்டு கட்டுகிற நேரம், டிரெய்லரின் பின்னால் விளக்கு கிடையாது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் நேரே அதில் மோதிக் கால் ஒடிந்தான்.

தோட்டத்தின் பேர் வேண்டாம். விசாரணை வந்ததும், "ரோட்டுக்குப் போகச் சொல்லி யாரும் உத்தரவு கொடுக்கவில்லை" என்றார்கள். வாய்ச்சொல்லுக்கு ஏது சாட்சி? "அண்ணே, எங்கிட்டத்தான் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருக்கே, அது போதாதா?" என்று என்னைக் கேட்டார் அந்த மனுஷர். எனக்கு வாயடைத்துப் போயிற்று. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவருக்குச் சொல்லவில்லையே!

போதாது, தோழர்களே. டிராக்டர் லைசென்ஸ் தனி. டயர் வண்டியின் சொந்த எடை 5,000 கிலோ வரை என்றால் 'எஃப்' வகுப்பு, அதற்கு மேல் போனால் 'எச்' வகுப்பு. பொதுமக்கள் போய்வரும் பாதை எதுவானாலும் சட்டத்துக்கு அது ரோடுதான். குறுக்கே கடக்கிற இருபது அடியும் ரோடுதான்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவை எத்தனை பேர் அறிவீர்கள்? லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது குற்றம். லைசென்ஸ் இல்லாத ஆளை வேலைக்கு வைத்து ஓட்டச் செய்வதும், ஓட்ட அனுமதிப்பதும் அதே பிரிவில் குற்றம். ஆகவே கைகட்டி நிற்க வேண்டியவர் டிரைவர் மட்டுமல்ல. 90ஆம் பிரிவு, ரோட்டில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது. உங்கள் டிராக்டருக்கு அது இருக்கிறதா என்று கிராணியிடம் கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

தஞ்சோங் கிளிங் பக்கம் விடியற்காலையில் ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். பேக்டரி ஷிப்ட்டுக்குப் பறக்கிற மோட்டார் சைக்கிள்கள்! மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிறவனுக்கு முன்னால் நம் டிராக்டர் 20இல் ஊர்கிறது. நூறு மீட்டர் இடைவெளி ஐந்து எண்ணுவதற்குள் காணாமல் போய்விடும். அவன் பார்ப்பதற்கே பாதி நேரம் போய்விடுமே!

அமெரிக்காவில் இதற்கென்று ஓர் அடையாளம் உண்டு. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1960களில் உண்டாக்கியது. ஆரஞ்சு நிற முக்கோணம், சுற்றிலும் சிவப்பு ஓரம். 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிகளின் முதுகில் அதை மாட்டுகிறார்கள். நம் டிரெய்லருக்குப் பின்விளக்கும் ஒளி திருப்பும் சிவப்பு வில்லையும் வைக்க என்ன பெரிய செலவு? ஒரு டயர் விலை வருமா?

(பொருள் ஏற்றும் டிரெய்லரில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிப் போகிற கதை தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இனி யாராவது "சும்மா அந்தப் பக்கம் போய்ட்டு வா" என்றால், பெரட்டில் நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள்: "லைசென்ஸ் இல்லீங்க, ரோட்டுக்கு அனுப்புறதா எழுதித் தர்றீங்களா?" எழுதித் தரமாட்டார்கள். அப்போது வண்டி கேட்டுக்குள்ளேயே நிற்கட்டும். சங்கத் தலைவருக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். லைசென்ஸ் எடுக்கும் செலவும், அதற்காகப் போகும் நாளின் சம்பளமும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று கேட்பதில் தப்பே இல்லை.

அந்த டிரைவர் பிறகு சொந்தக் காசைப் போட்டு லைசென்ஸ் எடுத்துவிட்டார். அந்தக் காசைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.