விளக்கைப் பார்த்து வாங்காதீர்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

உச்சிப்புளிப் பக்கம் கல்யாண வீடென்றால் அன்று மைக் செட், இன்று டி.ஜே. என் தந்தை மைக் செட்டுக்காரரிடம் குழாய் சுமந்தவர். விடுமுறை வருவாய்க்காக நான் சிறு டி.ஜே. கன்ட்ரோலர் வாங்கப் போகிறேன் என்றதும், "படிச்சும் இதுக்குத்தானா?" என்றார்.

எதை வாங்குவது? விளக்குகளை எண்ணும் நண்பர்களே, கன்ட்ரோலர் தானாகப் பாடாது. பாட்டு மடிக்கணினியில் இருக்கிறது. ஒரு பாட்டு பந்தலில் ஒலிக்கையில், அடுத்ததைத் தன் காதில் மட்டும் கேட்டுத் தாளம் பொருத்துவதே கலை. அதற்கு ஒலிபெருக்கிக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என இரு வெளியீடுகள் கருவியிலேயே வேண்டும். நான் இரவல் வாங்கிய கருவியில் அது இல்லை. சென்ற ஆவணியில் நான் தேடிய பாட்டையெல்லாம் பந்தலே கேட்டுச் சிரித்தது!

நுமார்க் டி.ஜே.2கோ2 டச், ஹெர்குலிஸ் ஸ்டார்லைட் ஆகிய சிறு கருவிகளில் இவ்வசதி உண்டு. யு.எஸ்.பி. வழி வரும் மின்சாரமே போதும். ஆகவே கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடும்வரை கருவி அணையாது.

1973 ஆகஸ்ட் 11-இல் நியூயார்க்கின் பிராங்ஸில், சகோதரியின் பள்ளி உடைச் செலவுக்கென நடந்த விருந்தில் கூல் ஹெர்க் புதுவழி காட்டியது இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளைக் கொண்டுதான். அவருக்குக் கைகொடுத்தது விளக்கா, காதா?

தந்தையே! நீங்கள் சுமந்த ஒலியை நான் அறிந்து இயக்க விரும்புகிறேன். படிப்பின் பயன் அதுவன்றோ!