எட்டு வரி தமிழ்

மயிலாப்பூர் வீட்டு மாடியில் எங்கள் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வந்தது. கடைக்காரர் கொடுத்த மருந்தை அடித்தேன். பூச்சி போகவில்லை, செடிதான் போயிற்று.

அந்த இனத்தில் ஒன்றுதான் பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டு, மல்பெரி, மரவள்ளியையும் பாழாக்கியது. மருந்தடித்து மாளவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த சின்னஞ்சிறு குளவிதான் அதை அடக்கியது. மருந்தடித்தால் இப்படி நல்லது செய்யும் குளவிகளும் சாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லக்கூடிய ஆய்விதழ்கள் இல்லாமல் இல்லை. அதே 2008-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலிருந்து 'ஜர்னல் ஆஃப் பயோபெஸ்டிசைட்ஸ்' வரத் தொடங்கியது. கட்டுரை வாங்கி, விஷயம் தெரிந்தவர்களிடம் அனுப்பி, திருத்தி வெளியிடுவது லேசான வேலை அல்ல. கோப்புகளோடு காலம் தள்ளியவன், எனக்குத் தெரியும். ஆனால் கட்டுரைகள் ஆங்கிலத்தில்.

பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் வாத்தியார் ஃபாப்ர் எழுதிய பூச்சிக் கதைகளை வாசித்துக் காட்டுவார். பெரிய விஞ்ஞானி, எழுதியதோ பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் நடை.

ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் எட்டு வரி தமிழ்ச் சுருக்கம் போட்டால் என்ன? எது பலித்தது, எது பலிக்கவில்லை, எவ்வளவு அடிக்கலாம், அவ்வளவு போதும். அதுவரை நமக்குக் கடைக்காரர்தான் விஞ்ஞானி.